நெஞ்சுக்குள் இறங்கும் சளி



"பிள்ளை என்றால் சளி பிடிக்கத்தான் செய்யும், தானாகச் சரியாகிவிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். மூக்கொழுகும் சாதாரணச் சளிக்கு அது பொருந்தும். சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டால் பொருந்தாது. அதன் பாதிப்பு பல பத்தாண்டுகள் கழித்தும் தெரியலாம்.

பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 3,589 பேரைப் பற்றிய ஆய்வு 2023இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இரண்டு வயதுக்குள் நிமோனியா போன்ற நெஞ்சுத் தொற்று கண்டவர்களில் 2.1 சதவீதம் பேர், 26 முதல் 73 வயதுக்குள் சுவாச நோயால் இறந்திருக்கிறார்கள். தொற்று வராதவர்களில் 1.1 சதவீதம். புகைப்பழக்கம், வீட்டில் இட நெருக்கடி, பிறந்தபோதிருந்த எடை எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நீங்கவில்லை.

தொற்று கண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இப்படி நேரவில்லை. அதனால் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம். நுரையீரலின் காற்றறைகள் வேகமாகப் பெருகும் காலம் முதல் இரண்டு ஆண்டுகள். அந்த வயதில் நுரையீரலைக் காப்பது நம் பொறுப்பு.

சளி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறதா என்று வீட்டிலேயே கவனிக்கலாம். இருமும் குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்குங்கள். மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40. மூச்சு இந்த அளவைத் தொட்டாலே மருத்துவரிடம் போங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். அந்தப் புகையும், விறகடுப்பு, பீடி, கொசுவர்த்திப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால், கிராம சுகாதாரச் செவிலியரை இந்த வாரமே கேளுங்கள்.