நுனி முடிக்கு மருந்து இல்லீங்க, கத்தரிக்கோல்தான்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால பேசினவங்க வங்கிக் கடன், தொழில்னு பெரிய விஷயமெல்லாம் பேசினாங்க. நான் பேச வந்தது தலைமுடி பத்தி. "இதுக்கெல்லாம் ஒரு பேச்சா"ன்னு நெனைக்காதீங்க. இதுலயும் நம்ம பணம் இருக்குது.

போன வருஷம் எங்க குழுக் கூட்டத்துக்கு ஒரு அம்மா பெரிய பையோட வந்தாங்க. எண்ணெய், ஷாம்பு, சீரம் மூணும் சேர்த்து 1,800 ரூபாய். நுனி வெடிச்ச முடி மூணே மாசத்துல ஒட்டிக்கும்னு சொன்னாங்க. கையில காசு இல்லைன்னா குழுவுல உள்கடன் எடுத்துக்கோங்கன்னு வழியும் அவங்களே சொல்லிக் கொடுத்தாங்க. அங்கேயே நாலு பேர் பேர் கொடுத்துட்டாங்க. நாலு பேருக்கு 7,200 ரூபாய். ஒரு வெள்ளாடு வாங்கற காசுங்க அது.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். ஆனால் நம்ம கூட்டமைப்பு மூலமா ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துல அழகுக்கலைப் பயிற்சி எடுத்திருக்கேன். அங்கே கத்துக்கிட்டதையும் வீட்டுல செஞ்சு பார்த்ததையும் வச்சுத்தான் இதைச் சொல்றேன்.

முடியில உயிர் இருக்கறது வேர்ல மட்டும்தான். தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. அதனாலதான் வெட்டினா வலிக்கறதில்லை. கைய அறுத்துக்கிட்டா ஆறும், ஏன்னா அது உயிருள்ள தோல். முடி பிளந்தா ஆறாது. ஓட்டு வீட்டுல ஓடு அடுக்கின மாதிரி முடி மேல செதில் செதிலா ஒரு மூடி இருக்குது. உள்ள கயிறு நார் மாதிரி இழைகள் இருக்குது. மேல் மூடி தேய்ஞ்சு போனா உள்ள இருக்கற இழை பிரிஞ்சுடும். அதுதான் நுனி வெடிப்பு.

ஊசியில நூல் கோக்கறோம். நூல் நுனி பிரிஞ்சிருந்தா என்ன செய்யறோம்? நாக்குல வச்சு நனைச்சா ஒட்டிக்கும். காஞ்சதும் திரும்பப் பிரிஞ்சுக்கும். கடைசியில துளி வெட்டிட்டுத்தான் கோக்கறோம். சீரமும் அந்த எச்சில் மாதிரிதாங்க. தடவின அன்னைக்குப் பளபளன்னு ஒட்டி நிக்கும். தலைக்கு ஊத்தினா மறுபடி பழைய கதை.

முடி மாசத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளருது. வருஷத்துக்கு ஆறு அங்குலம். அப்படின்னா வேர்ல இருந்து ரெண்டு அடி நீளம் இருந்தா, அதோட நுனி நாலு வருஷத்துக்குப் பழசு. நாலு வருஷமா வெயில், உப்புத் தண்ணி, சீப்பு, துண்டு எல்லாத்தையும் பார்த்தது அந்த நுனி. நாலு வருஷம் கட்டின சேலை முந்தானை நைஞ்சு போகாம இருக்குமா?

"எனக்கு முடியே வளர மாட்டேங்குது"ன்னு நிறைய பேர் சொல்றீங்க. பெரும்பாலும் வேர்ல வளர்ந்துட்டுத்தான் இருக்கும். நுனியில பிளந்து, பிளவு மேல ஏறி, ஒடிஞ்சு விழுந்துட்டே இருக்கும். அதனால நீளம் கூடறதில்லை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் வெட்டினா, அதே மூணு மாசத்துல ஒன்றரை அங்குலம் வளர்ந்திருக்கும். ஒரு அங்குலம் நமக்கு லாபம். வட்டிக் கணக்குப் போடற நமக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

இப்ப வீட்டுக்குள்ள வர்ற பிரச்சினைக்கு வர்றேன். கத்தரிக்கோலைக் கையில எடுத்தாலே மாமியார், அம்மா, பாட்டி எல்லாரும் சத்தம் போடுவாங்க. சுமங்கலிப் பொம்பளை முடியில கத்தி வைக்கக் கூடாதும்பாங்க. எங்க அத்தையும் அப்படித்தான் சொன்னாங்க. நான் எதிர்த்துப் பேசலை. மத்தியான வெளிச்சத்துல வெள்ளைத் துண்டை மடியில விரிச்சு, அவங்க முடியையே சீவி நுனியைக் காட்டினேன். விளக்குமாத்துக் குச்சி நுனி மாதிரி ரெண்டா மூணா பிரிஞ்சிருந்துச்சு. பார்த்துட்டு, "முருங்கையை ஒடிச்சுத்தானே வளக்கறோம், சரி வெட்டு"ன்னாங்க. "அத்தை, முருங்கை ஒடிச்ச இடத்துல துளுக்கும். முடி வெட்டின இடத்துல துளுக்காது. வெட்டறதால வேகமா வளராது, ஒடியாம மிஞ்சும். அவ்வளவுதான்"னு சொன்னேன். செவ்வாய், வெள்ளி மட்டும் வேண்டாம்னாங்க. புதன்கிழமை வெட்டினோம். கிழமைக்காகச் சண்டை எதுக்குங்க?

வெட்டற முறை இதுதான். முடி நல்லா காஞ்சிருக்கணும். சிக்கெடுத்து, விரல் தடிமனுக்கு ஒரு கொத்து எடுத்து லேசா முறுக்குங்க. பிளந்த நுனியெல்லாம் வெளியே நீட்டிட்டு நிக்கும். பிளவு முடியற இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே வெட்டணும். பிளவுக்கு நடுவுல வெட்டினா திரும்பப் பிளக்கும். துணி வெட்டின கத்தரி, பால் பாக்கெட் வெட்டின கத்தரி ஆகாது. மொக்கைக் கத்தரி முடியை நசுக்கும், நசுங்கின இடம் சீக்கிரம் வெடிக்கும்.

இனி வராம தடுக்கறதைச் சொல்றேன்.

ஒண்ணு, தலைக்கு ஊத்திட்டு வந்து துண்டை முறுக்கி முடியைப் பட்டு பட்டுனு அடிக்கற பழக்கத்தை விடுங்க. ஈர முடிக்கு பலம் குறைவு. பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுத்தி ஒத்தி எடுத்தா போதும்.

ரெண்டு, ஈரத்தோட பேன் சீப்பைப் போட்டு இழுக்காதீங்க. அகலப் பல் சீப்பால முதல்ல நுனியில சிக்கெடுத்து, அப்புறம் நடுவுல, கடைசியா வேர்ல இருந்து சீவணும்.

மூணு, தலைக்கு ஊத்தறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயோ, முந்தின நாள் ராத்திரியோ நுனி வரைக்கும் தேங்காய் எண்ணெய் தடவுங்க. ஒரு ஸ்பூன் போதும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்கி, குளிக்கறப்ப முடியோட புரதம் வெளியேறறதைக் குறைக்குதுன்னு 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்லுது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யலையாம். நம்ம பாட்டி செஞ்சது சரிதான்.

நாலு, ஷாம்பு போட்டா மண்டையில மட்டும் தேய்ங்க. வழிஞ்சு வர்ற நுரையே நுனிக்குப் போதும். துணி சோப்பு தலைக்கு வேண்டவே வேண்டாம். சீயக்காய் நல்லதுதான், ஆனா நைசா அரைச்சு சலிச்சுக்கணும். திப்பி திப்பியா இருந்தா முடியை உரசும். வடிச்ச கஞ்சியில கலந்து தேய்ச்சா வழவழப்பா இருக்கும்.

அஞ்சு, எங்க பக்கம் ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி ஒரே உப்பு. நுரையே வராது, முடி சொரசொரன்னு ஆகிடும். காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு குடம் தனியா பிடிச்சு வச்சு, கடைசியா அலசறதுக்கு வச்சுக்கோங்க. மழைத் தண்ணியும் நல்லது.

ஆறு, காட்டு வேலைக்குப் போறப்ப பின்னி, கொண்டை போட்டு, மேல துண்டு கட்டிக்கோங்க. பிள்ளைங்களுக்குப் பணம் கட்டற ரப்பர் பேண்டு போடாம துணி சுத்தின பேண்டு போடுங்க. படுக்கறப்ப தளர்வா ஒரு பின்னல் போதும்.

இன்னொண்ணும் சொல்லணும். நுனி வெடிப்பு நோய் இல்லை. ஆனா வேரோட கொத்துக் கொத்தா கொட்டினா அது வேற விஷயம். நாளைக்கு 50-லிருந்து 100 முடி உதிர்றது சாதாரணம். அதுக்கு மேல கொட்டி, கூடவே சோர்வு, மூச்சு வாங்கல் இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு பாருங்க. அதுக்கு எண்ணெய் மருந்தாகாது.

எங்க குழுவுல பேர் கொடுத்த நாலு பேர்ல மூணு பேர் வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தங்க மட்டும் சொந்தக் காசுல வாங்கினாங்க. மூணு மாசம் கழிச்சு அவங்களே முடியைக் காட்டினாங்க. வெடிச்சது வெடிச்சபடியே இருந்துச்சு. அப்புறம் 12 பேரும் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு, 120 ரூபாய்க்கு முடி வெட்டற கத்தரிக்கோல் ஒண்ணு வாங்கினோம். குழுப் பெட்டியிலதான் இருக்குது. மூணு மாசத்துக்கு ஒரு புதன்கிழமை, கூட்டம் முடிஞ்சதும் ஒருத்தருக்கொருத்தர் நுனி வெட்டிக்கறோம். கத்தரியைக் கழுவித் துடைச்சு வச்சுடறோம். அந்த 1,800 ரூபாய் வாங்கினவங்கதான் இப்ப எங்க எல்லாரையும் விட நேரா வெட்டறாங்க.

அதனால ஒவ்வொரு குழுவுக்கும் நான் கேட்டுக்கொள்வது ரெண்டே விஷயம். கூட்டத்துல வந்து பொருள் விக்கறவங்களுக்கு அன்னைக்கே பேர் கொடுக்காதீங்க, அடுத்த கூட்டம் வரைக்கும் தள்ளிப் போடுங்க. நம்ம சேமிப்பு பிள்ளைங்க படிப்புக்கும், ஆடு மாட்டுக்கும், வைத்தியத்துக்கும் போகட்டும். சீரம் பாட்டிலுக்குப் போக வேண்டாம்.