உப்பளத்துக் குரலும் வலையொலிக் கருவிகளும்



வானூர் வட்டத்து இரும்பை, திருஞானசம்பந்தர் பாடிய மாகாளம். கடுவெளிச் சித்தர் உளம்நொந்து பாட, அக் கோயிலின் இலிங்கம் மூன்றாய்ப் பிளந்ததென்பது ஊர்க்கதை. கதை அச்சேறியுள்ளது. ஆயினும், அதனைச் சொல்லும் மூதாட்டி எவ்விடத்தில் மூச்சுவிடுகின்றார், எச்சொல்லை நீட்டுகின்றார், எங்கே குரலைத் தாழ்த்துகின்றார் என்பதை எந்த அச்சுப் பொத்தகமும் காட்டாது. வடக்கே கழுவெளி, அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணத்துப் பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. கழக நூல்கள் பாடிய அத் தொழிலின் சொற்கள் இன்று உப்பளத் தொழிலாளர் நாவிலேதான் ஈரமாய் உள்ளன. அகரமுதலியிற் சேராத சொல், அதனை ஆளும் முதியவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

அக் குரலைப் பிடித்து வைப்பதற்கு முன்னாளில் வானொலி நிலையத்தின் வாயிலில் காத்திருக்க வேண்டியிருந்தது. வான்அலைகள் பொதுமக்கள் உடைமை என்று இந்திய உச்ச நயன்மன்றம் 1995-இல் தீர்ப்புரைத்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி எழுந்தது; 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் குமுகாய வானொலி உரிமம் திறக்கப்பட்டது. 2016-இல் பாம்பன் மீனவர்க்கெனக் 'கடல் ஓசை' தோன்றியது. நல்ல முயற்சிகளே. ஆனால், உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும், 100 வாட்டுக்கு மேற்பட்ட கதிர்வீச்சுத் திறன் பொதுவாகக் கூடாது, தாமே திரட்டிய செய்தியைச் சொல்லவும் கூடாது என்னும் கட்டுகளும் உடன் வந்தன. இரும்பைக்கு அண்மையிலுள்ள ஆரோவில் வானொலியோ வான்அலையை நம்பியிராமல் இணைய வழியே பன்மொழியில் ஒலித்து வந்தது. அதுவே சிற்றூர்க்கும் ஏற்ற வழி. வலையொலிக்கு வான்அலை உரிமம் வேண்டா. பழிதூற்றல் முதலியவற்றுக்கான பொதுச் சட்டங்கள் எல்லார்க்கும் போல இதற்கும் உண்டு.

வலையொலி என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2004-இல் ஆங்கில இதழாளர் ஒருவர் 'ஐபாடு' என்னும் வணிகப் பொருளின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிப் 'பாட்காசுட்டு' என்றார். அப் பொருளின் ஆக்கத்தை ஆப்பிள் குழுமம் 2022-இல் நிறுத்திவிட்டது. செத்த சரக்கின் பெயரை அம் மொழி சுமந்து திரிகின்றது. வலையில் ஒலிப்பது வலையொலி. இதற்கு எந்தக் கடையின் முத்திரையும் தேவைப்படவில்லை.

இனிக் கருவி. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒலிவாங்கியிலேயே ஏமாறுகின்றனர். பளபளக்கும் மின்தேக்கி ஒலிவாங்கியே உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். அது நுண்மையானதுதான், ஊசி விழும் ஓசையையும் வாங்கும். ஆகவே, தெருவில் போகும் வண்டியையும் பக்கத்து வீட்டு மாவரைக்கும் பொறியையும் சேர்த்தே வாங்கும். அவ்வகையிற் பெரும்பாலானவற்றிற்கு 48 வோல்ட்டு மின்னூட்டமும் வேண்டும். ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்று அதன் மெல்லிய தகட்டுக்கு ஆகாது. காந்தத்தின் நடுவே சுருள் அசைந்து மின்னோட்டம் தரும் இயங்குசுருள் வகையே இக் கடற்கரைக்கு ஏற்றது. 1966-இல் வெளிவந்த சூர் எசு.எம்.58 இன்றும் உலக மேடைகளில் நிற்பது அதன் முரட்டு உடலால்தான். அதனையே வாங்க வேண்டுமென்பதில்லை. ஊர்த் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுவோரிடம் இவ்வகை ஒலிவாங்கி இருக்கும். முதல் மூன்று பதிவுகளுக்கு இரவல் கேட்பது இழுக்கன்று.

இயங்குசுருள் ஒலிவாங்கி தரும் மின்குறி மெலிந்தது. அதனைப் பெருக்கிக் கணினிக்குக் கொடுக்க ஓர் இடைமுகப் பெட்டி வேண்டும், யூ.எசு.பி. வழியே நேரே இணையும் ஒலிவாங்கியாயின் அச் செலவும் மீதி. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவாகவே இடைவெளி இருக்கட்டும். சற்றே பக்கவாட்டில் வைத்தால் 'ப்ப' என்னும் வெடிப்பு மோதாது. உப்பளத்தில் நின்று பதிவதாயின், காற்றைத் தடுக்கும் பஞ்சுறை இன்றேல் எல்லாம் வீண். மின்னிறைப்பி ஓடும் பொழுதை விலக்குக. பணி முடிந்தபின் கருவியை மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிப்பையோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். இதைச் செய்யாதவர் ஓராண்டுக்குள் கருவியைக் குறை கூறுவர்.

கையில் ஒன்றுமில்லாதவர் கைப்பேசியிலேயே தொடங்கலாம். வெற்றறையின் எதிரொலியே கைப்பேசியைவிடப் பெரிய பகை. இலவம்பஞ்சு மெத்தை, கம்பளி, துணி அடுக்கிய கொடி ஆகியவற்றால் சூழ்ந்த மூலை ஒன்றே ஓர் ஒலிப்பதிவுக் கூடமாகும்.

மென்பொருளில், ஆடாசிட்டி விலையின்றிக் கிடைப்பது, 2000-ஆம் ஆண்டு முதல் வழங்குவது, மூலநிரல் திறந்திருப்பது. தமிழ் முகப்பும் அதில் உண்டு. தெரிந்தெடுப்போர் எத்தனைபேர்? அதனை 2021-இல் ஒரு குழுமம் வாங்கியபோது, பயனர் தரவு பற்றிய விதிகளால் பெரும் எதிர்ப்பு எழுந்தது; விதிகள் திருத்தப்பட்டன. திறந்த மூலநிரல் இருந்தமையால் எவரும் படியெடுத்துத் தனியே வளர்த்துக்கொள்ள முடியும் என்பதே அன்று பயனரின் கையிலிருந்த வலிமை.

பதியும்போது நொடிக்கு 44,100 கூறுகள், 16 இருமம், ஒற்றைத் தடம் போதும். இந்த மூலப்பதிவு அரை மணி நேரத்திற்கு ஏறத்தாழ 159 மெகாபைட்டு ஆகும். கேட்போர்க்கு அனுப்ப எம்.பி.3-ஆகச் சுருக்குக. இங்கேதான் தமிழுக்குக் கேடு நேர்கின்றது. இடத்தை மிச்சப்படுத்தக் கருதி மிகையாய் நெருக்கினால் குரல் நீருக்கடியிற் கேட்பதுபோல் மங்கும். ல, ள, ழ மூன்றும் ஒன்றோடொன்று கலங்கும். ந, ன, ண வேறுபாடும் தேயும். நொடிக்கு 64 கிலோபிட்டு வைத்தால் அரை மணி நேரம் 14.4 மெகாபைட்டுக்குள் அடங்கும், பேச்சும் தெளிவாயிருக்கும். அதற்குக் கீழே இறங்க வேண்டா. மூலப்பதிவை ஒருபோதும் அழிக்கலாகாது. சுருக்கியதிலிருந்து இழந்ததை மீட்க இயலாது. இருவேறு வட்டுகளில், இருவேறு வீடுகளில் அது இருக்கட்டும்.

வலையேற்றும் இடத்தைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். கூகுள் 2018-இல் தொடங்கிய வலையொலிச் செயலியை 2024-இல் மூடிவிட்டது. எந்த மாடமும் நிலையன்று. வலையொலியின் உயிர்நாடி ஆர்.எசு.எசு. என்னும் ஓடை, அவ் வோடையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள இசைவு தரும் இடத்தையே தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு படியை இணைய ஆவணக் காப்பகத்திலும் இட்டுவைக்கலாம்.

பேசியவரின் ஒப்புதலைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயாற் பெறுக. ஊர், நாள், அகவை, தொழில் ஆகியவற்றைக் கோப்பின் பெயரோடு குறித்து வைக்காத பதிவு, பத்தாண்டு கழித்து யார் குரலென்றே தெரியாமற் போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து பாத்திகள் நீரில் மூழ்கும். உப்பளத்தார்க்கு வேலை இராது, பேசுவதற்குப் பொழுது இருக்கும். இறைப்பிகளும் ஓய்ந்திருக்கும். பதிவுக்கு அதுவே தக்க பருவம். தகரக் கூரையின் கீழ் மட்டும் உட்கார வேண்டா. மழை விட்ட மாலையில் திண்ணையே நன்று.