இறங்கியதா, இறக்கினாயா? பழுதுபார்ப்போர் பேச்சில் தமிழ் வினைச்சொற்கள்



மொழியியல் பயின்ற ஒருவன் கணினிப் பழுதைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு இப்பாடத்தைக் கற்பித்தவன் கிள்ளானில் வாழும் என் அக்காள் மகன். 2021ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வேலையை இழந்திருந்த அவன், ஆறு கிராபிக்ஸ் கார்டுகளை ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, ஈத்தர் என்னும் கிரிப்டோ நாணயத்தை அகழ்ந்துகொண்டிருந்தான். கார்டுகள் கடன் பணத்தில் வாங்கியவை. ஆகவே ஒரு கார்டு முடங்கினாலும் அவன் உறக்கம் கெட்டுவிடும்.

நான் அக்காள் வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவு, பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் நண்பனிடம் அவன் கைப்பேசியில் சொன்னான்: "மூணாவது கார்டு டவுன் ஆயிடுச்சுடா." நண்பன் அதை 'மின்சாரம் போகவில்லை' என்று புரிந்துகொண்டான். கம்பிகளை மாற்றிப் பார் என்றான். கார்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் ரைசர் என்னும் சிறு பலகைக்கு, வன்தட்டுக்குரிய சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. முன்னறையில் என் அக்காள் உறங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மின்விசையை அணைத்தோம். தீ பற்றவில்லை.

உண்மையில் அந்தக் கார்டுக்கு மின்சாரம் தடையின்றிப் போய்க்கொண்டுதான் இருந்தது. அதன் கணிப்பு வேகம் மட்டுமே குறைந்திருந்தது. 'டவுன்' என்ற ஒரு சொல், மூன்று வெவ்வேறு நிலைகளுக்குப் பொதுப்பெயராக நின்றதே அன்றைய தவற்றின் தொடக்கம். அம்மூன்றையும் பிரித்துக் காட்ட விரும்புகிறேன்.

முதல் நிலை, கார்டு அணைந்துவிட்டது. விசிறி சுழலாது, கணினியும் கார்டை அடையாளம் காணாது. இங்கே பார்க்க வேண்டியவை மின்கம்பியும் ரைசரும். கார்டு தன் செருகுவாயின் வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். சாட்டா இணைப்போ 12 வோல்ட்டில் 54 வாட் அளவுக்கே உரியது. அன்றிரவு அது கருகியதன் காரணம் இதுதான். ரைசருக்கு ஆறுமுனை இணைப்பே தகும்.

இரண்டாம் நிலை, கார்டு நின்றுவிட்டது. விசிறி சுழலும், கணினியும் அதைக் காணும், ஆனால் வேலை நடவாது. பெரும்பாலும் நினைவகத்தின் துடிப்பு வேகத்தை அளவுக்கு மீறி ஏற்றியிருப்பார்கள், அல்லது மின்னழுத்தத்தை மிகவும் குறைத்திருப்பார்கள். கணிப்பில் பிழையான விடைகள் தோன்றுவது இதற்கு முன்னறிவிப்பு. நினைவக வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் வீதம் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நிலை, கார்டு தளர்ந்துவிட்டது. வேலை நடக்கும், வேகம் இராது. என் மருமகனின் மூன்றாவது கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. அவ்வகைக் கார்டில் மையச் சில்லின் வெப்பம் 65 பாகை என்று காட்டும்போதே நினைவகத்தின் வெப்பம் 110 பாகையை எட்டியிருக்கக்கூடும். எட்டியதும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மறுநாள் நினைவகத்தின் மேலிருந்த தெர்மல் பேட் எனப்படும் வெப்பங்கடத்தும் துண்டுகளை மாற்றினான், வேகம் மீண்டது.

அணைந்தது, நின்றது, தளர்ந்தது. மூன்றும் எளிய தமிழ் வினைகள். ஒவ்வொன்றும் பழுதுபார்ப்பவனை ஒவ்வோர் இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன.

இனி, இன்னொரு நுட்பம். ஈத்தர் அகழ்வு மையச் சில்லின் வேகத்தைவிட நினைவகத்தின் வேகத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. ஆகவே மையத்தின் வேகத்தை இறக்கி, நினைவகத்தின் வேகத்தை ஏற்றி, மின்நுகர்வுக்கு வரம்பு கட்டுவார்கள். 200 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை ஏறத்தாழ 130 வாட்டில் வேகம் குன்றாமல் ஓட்ட முடிந்தது. கார்டுக்கு 70 வாட் என்றால் ஆறு கார்டுகளுக்கு 420 வாட். முப்பது நாளில் ஏறக்குறைய 302 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். மின்கட்டணத்தைக் குறைக்கும் நேர்வழி இது. குறுக்குவழி நாடியோரும் உண்டு. மின்சாரத்தைத் திருடி அகழ்ந்தோரிடம் பறிமுதல் செய்த 1,069 இயந்திரங்களை, 2021 ஜூலையில் சரவாக்கின் மிரி நகரில் காவல் துறையினர் சாலை உருளையை ஏற்றி நசுக்கினர்.

வேகத்தை இறக்கினேன் என்பது பிறவினை. வேகம் இறங்கியது என்பது தன்வினை. கார்டு வெப்பத்தால் தானே இறங்கியதா, நீ அமைப்பை மாற்றி இறக்கினாயா? பழுதுபார்ப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. நாம் பள்ளியிலே பயிற்றுவித்து மறந்துவிடும் இலக்கணம், கிள்ளானில் ஒரு வீட்டின் பின்கட்டில் உயிரோடு தேவைப்படுகிறது.

இளைஞர்கள் தமிழைக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 'டவுன் ஆச்சு', 'டவுன் பண்ணேன்' என்ற அவர்கள் பேச்சிலும் தன்வினையும் பிறவினையும் 'ஆகு', 'பண்ணு' என்ற துணைகளால் செம்மையாகப் பிரிந்தே நிற்கின்றன. இலக்கணத்தின் எலும்புக்கூடு உடையவில்லை. கார்டு, ரைசர் போன்ற பெயர்களும் இருந்துவிட்டுப் போகட்டும். திசைச்சொல்லுக்கு இடம் வகுத்தவர் தொல்காப்பியர். குறைந்திருப்பது வினையின் விரிவு. அணைதல், நிற்றல், தளர்தல், திணறல், உறைதல் ஆகிய அனைத்தும் 'டவுன் ஆகு' என்ற ஒன்றுக்குள் சுருங்கிவிட்டன. நம் கலைச்சொல் முயற்சிகளோ பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே தேடி உழைத்துள்ளன. வினைகளை நாம் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. அவை நம்மிடம் இருக்கின்றன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கையிலுள்ள ஏதேனும் ஒரு கருவி பழுதுபட்டால், அது என்ன செய்தது என்று ஐந்து வரிகளில் எழுதச் சொல்லுங்கள். 'ஆகு', 'பண்ணு' இரண்டையும் விலக்கி எழுதச் சொல்லுங்கள். அறிவியல் தமிழுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் வலையமைப்பு அகழ்வு முறையையே கைவிட்டது. ஈத்தருக்காக ஓடிய கார்டுகளுக்கு ஒரே நாளில் அந்த வேலை இல்லாமற் போயிற்று. என் மருமகன் கார்டுகளை விற்றுக் கடனின் பெரும்பகுதியை அடைத்தான். இப்போது கிள்ளானிலேயே கணினிகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறான். சென்ற மாதம் அவன் கடையில் அமர்ந்திருந்தேன். ஒரு பையன் மடிக்கணினியை நீட்டி, "அண்ணே, டவுன் ஆயிடுச்சு" என்றான். இவன் நிமிர்ந்து, "அணைஞ்சு போச்சா, நின்னு போச்சா, மெதுவா ஓடுதா?" என்று கேட்டான். பின்பு என்னைப் பார்த்து, "சரியா மாமா?" என்றான்.

சரி என்றேன்.