‘அனார்க்கி’: பார்வையாளர்கள் கண்டதும் திரை காட்ட மறுத்ததும்

(‘முதலாளித்துவத் திரைப்படமும் வன்முறையும்’ என்ற தலைப்பில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



2014 ஜூலை 18 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் ‘தி பர்ஜ்: அனார்க்கி’ என்ற படம் வெளியானது. ஜேம்ஸ் டிமொனாக்கோ எழுதி இயக்கிய இப்படம், அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ‘தி பர்ஜ்’ என்ற படத்தின் தொடர்ச்சியாகும். ஹாலிவுட்டின் அளவுகோலில் இவை மிகச் சிறிய முதலீட்டுப் படங்கள். முதல் படத்திற்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலரும், இரண்டாம் படத்திற்கு ஏறத்தாழ 90 லட்சம் டாலரும் செலவிடப்பட்டன. இரண்டாம் படம் உலகெங்கும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

வசூல் கணக்கு மட்டுமே எனில் இப்படத்தைக் கட்சி வகுப்பில் விவாதிக்க வேண்டிய அவசியம் எழாது. இரத்தம் தெறிக்கும் ஒரு மலிவுப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த சாமானிய மக்கள், அரசு என்பது யாருடையது, சட்டம் யாரைக் காக்கிறது, ஏழையின் உயிருக்கு என்ன விலை என்றெல்லாம் வாதிட்டனர். அந்த வாதமே இங்கு ஆராயத்தக்கது.

கதையின் களம்

கதை நிகழும் ஆண்டு 2023. இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ‘புதிய நிறுவனத் தந்தையர்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஒரு கட்சி அமெரிக்காவை ஆள்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 21 மாலை 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை, கொலை உட்பட எக்குற்றமும் குற்றமல்ல என்பது அந்த ஆட்சியின் சட்டம். அந்தப் 12 மணி நேரமும் காவல்துறை இல்லை, தீயணைப்புப் படை இல்லை, மருத்துவமனை இல்லை. ஆயினும் உயர்நிலை அரசு அதிகாரிகளைத் தொடுவதற்கு மட்டும் அனுமதியில்லை. எல்லாத் தடைகளும் நீக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இரவிலும் ஆளும் வர்க்கத்தின் காப்பு நீக்கப்படவில்லை.

வேலையின்மை 5 சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிட்டது, குற்றங்கள் அருகிவிட்டன, வறுமைக் கோட்டின் கீழ் வாழ்வோர் ஆண்டுதோறும் குறைகின்றனர் என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுகிறது. வறுமை எவ்வாறு குறைந்தது என்பதைப் படத்தின் எஞ்சிய பகுதி காட்டுகிறது. ஏழைகள் கொல்லப்படுவதால் ஏழைகளின் எண்ணிக்கை குறைகிறது.

உணவகப் பணிப்பெண் ஈவா, அவருடைய மகள் காலி, வழியில் கார் பழுதாகி நடுத்தெருவில் நின்றுவிட்ட ஓர் இளம் தம்பதி, தன் மகனைக் கார் ஏற்றிக் கொன்றவனைப் பழிவாங்கக் கிளம்பிய லியோ என்ற காவல் அதிகாரி ஆகிய ஐவரும் அந்த இரவைக் கடக்க முயல்கின்றனர். ஈவாவின் நோயுற்ற தந்தை, ஒரு செல்வந்தர் குடும்பம் தம் வீட்டுக் கூடத்தில் வைத்துத் தன்னைக் கொல்வதற்காக 1,00,000 டாலருக்குத் தன்னையே விற்றுவிடுகிறார். அந்தப் பணம் மகளின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. முகமூடி அணிந்த ஏழை இளைஞர்கள் தெருவில் ஆட்களைப் பிடிக்கின்றனர், ஆனால் கொல்வதில்லை. பிடித்தவர்களைச் செல்வந்தர்களிடம் விற்கின்றனர். செல்வந்தர்கள் அவர்களை ஏலத்தில் எடுத்து, இருண்ட அரங்கினுள் ஓடவிட்டு வேட்டையாடுகின்றனர். கொலைக்கும் இங்கு கூலியாள் உண்டு, தரகர் உண்டு, சந்தை உண்டு.

இதற்கும் மேலாக, பெரிய வாகனங்களில் வரும் ஆயுதப் படை ஒன்று ஏழைகளின் குடியிருப்புகளைத் தாக்குகிறது. அப்படை அரசு அனுப்பியது. மக்கள் போதிய அளவில் ஒருவரையொருவர் கொல்லவில்லை என்பதால், பற்றாக்குறையை அரசே இட்டு நிரப்புகிறது.

பார்வையாளரின் கருத்துகள்

முதல் படம் ஒரு செல்வந்தரின் பூட்டிய வீட்டினுள்ளேயே நிகழ்ந்தது. இவ்வளவு பெரிய கருத்தை எடுத்துக்கொண்டு ஒரே வீட்டுக்குள் சுருக்கிவிட்டார்கள் என்பது அன்று பரவலாக எழுந்த குறை. படம் தெருவுக்கு வந்தபோது அக்குறை பெருமளவு நீங்கியது. முதல் நாள் பார்வையாளரிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணக்கெடுப்பில் முதல் படம் ‘சி’யும் இரண்டாம் படம் ‘பி’யும் பெற்றன. தொடர்ச்சிப் படம் முந்தையதை விஞ்சுவது அபூர்வம். இங்கு அது நடந்ததற்குக் காரணம், செல்வந்தரின் கதவுக்கு வெளியே நின்றவர்களின் பக்கம் கதை நகர்ந்ததே. முதல் படத்தில் பெயரின்றி அடைக்கலம் தேடி ஓடிவந்த கறுப்பின மனிதர், இரண்டாம் படத்தில் எதிர்ப்புக் குழுவின் போராளியாகத் திரும்பி வருகிறார்.

படத்தை ஏற்காதோர் மூன்று வாதங்களை முன்வைத்தனர். முதலாவது, ஓர் இரவு வெறியாட்டத்தால் ஆண்டு முழுவதும் அமைதி நிலவும் என்பது நம்பத்தக்கதல்ல என்பது. இரண்டாவது, செல்வந்தர் அனைவரும் கொடியோராகவும் ஏழைகள் அனைவரும் பலியாடுகளாகவும் வருவது பிரச்சாரம் என்பது. மூன்றாவது, வன்முறையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே வன்முறையைக் காட்டிக் காசு பண்ணுகிறது என்பது.

முதல் வாதத்திற்குப் படமே பதில் சொல்கிறது. மனத்தில் தேங்கிய வெறியை வெளியேற்றுதல் என்பது அரசு சொல்லும் கதை மட்டுமே. செலவினமாகக் கருதப்படும் மக்களை ஒழிப்பதே உண்மை நோக்கம். இரண்டாவது வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும் முகமூடி இளைஞர்களும், ஈவாவின் வீட்டுக் கதவை உடைக்கும் அண்டைவீட்டானும் ஏழைகளே என்பதை இவ்வாதம் கவனிக்கவில்லை. மூன்றாவது வாதமே கனமானது.

‘அனார்க்கி’ என்ற தலைப்பையும் பலர் கேள்விக்குள்ளாக்கினர். ஆட்சியற்ற நிலை என்று பெயர் வைத்துவிட்டு, ஆட்சி எங்கும் நிறைந்திருக்கும் ஓர் இரவையே படம் காட்டுகிறது. தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் அரசு நிர்ணயிக்கிறது. எந்த ஆயுதம் கூடும், எது கூடாது என்பதையும் அரசே வகுக்கிறது. தெருவிலுள்ள கண்காணிப்புக் கேமராக்கள் அரசின் படைக்கு வழிகாட்டுகின்றன. அரசு ஒதுங்கி நிற்பதுபோல் தோன்றும் இடத்தில்தான் அது முழு வலிமையுடன் செயல்படுகிறது என்பதைக் கோட்பாட்டு நூல் எதையும் படிக்காத பார்வையாளர்கள் கண்டுகொண்டனர்.

திரையும் தெருவும்

படம் வெளியானதற்கு முந்தைய நாள், ஜூலை 17 அன்று, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் காவலரின் கழுத்துப்பிடியில் சிக்கி உயிரிழந்தார். ஆகஸ்ட் 9 அன்று மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நியாயம் கேட்டுத் திரண்ட மக்களை எதிர்கொண்டது கவச வாகனங்களில் வந்த காவல்துறை. திரையில் வாகனங்களில் வந்திறங்கும் ஆயுதப் படையைப் பார்த்தவர்கள், சில வாரங்களுக்குள் அதனையொத்த காட்சியைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்தனர்.

2015 மார்ச் மாதம் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் ஃபெர்குசன் குறித்து வெளியிட்ட அறிக்கை, அந்நகரக் காவல்துறையும் நகர நீதிமன்றமும் பொதுமக்களின் பாதுகாப்பைவிட அபராத வருவாயையே முதன்மையாகக் கருதி இயங்கின என்றும், அச்சுமை கறுப்பின மக்கள் மீதே பெரிதும் விழுந்தது என்றும் கூறியது. ஏழையின் மீதான வன்முறைக்கு ஆண்டில் ஓர் இரவு தேவையில்லை. எஞ்சிய 364 நாட்களிலும் அது ரசீதுப் புத்தகத்துடன் வருகிறது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பார்வையாளர்களுக்குப் படத்தின் உலகம் ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதற்கு இதுவே விளக்கம்.

இதே ஆகஸ்ட் மாதத்தில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், படத்தில் வருவதுபோன்ற ஓர் இரவு அங்கும் நிகழப்போகிறது என்ற வதந்தி இளைஞர்களிடையே பரவி நகரமே கலங்கியது. அப்படி எதுவும் நிகழவில்லை. படம் மக்களைக் கொலைகாரர் ஆக்கவில்லை. ஆனால் அண்டைவீட்டாரைக் கண்டு அஞ்சும் மனநிலை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது வெளிப்பட்டது. முதல் படத்தின் நாயகன் பாதுகாப்புக் கருவிகளை அண்டைவீட்டாருக்கு விற்றுப் பணக்காரன் ஆனவன். அச்சம் நல்ல சரக்கு. அதே சரக்கைத்தான் தயாரிப்பு நிறுவனமும் விற்கிறது. ப்ளம்ஹவுஸ் நிறுவனம் குறைந்த செலவில் தயாரிக்கிறது. காம்காஸ்ட் என்ற மாபெரும் ஊடக முதலாளியின் யுனிவர்சல் நிறுவனம் அதை உலகெங்கும் விநியோகிக்கிறது. செல்வந்தர்கள் மீதான மக்களின் கோபம் செல்வந்தர்களுக்கே இலாபமாகத் திரும்புகிறது. மூன்றாவது வாதத்தின் உண்மை இதுவே.

திரை காட்ட மறுத்தது

எனினும் படத்தின் அடிப்படைக் குறை வன்முறையின் அளவில் இல்லை. 1925இல் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ படத்திலும் ஒடெஸ்ஸாப் படிக்கட்டுகளில் இரத்தம் வழிகிறது. அங்கு சுடப்படுவது ஒன்றுதிரண்ட மக்கள். சுடுவது ஜாரின் படை. பதிலளிப்பது கிளர்ந்தெழுந்த மாலுமிகள். காண்பவர் மனத்தில் அது அச்சத்தை அன்று, ஒற்றுமையுணர்வை எழுப்புகிறது.

‘அனார்க்கி’யில் ஒரு முழுக் குடியிருப்பும் தாக்கப்படுகிறது, ஆனால் அங்கு வாழ்வோர் ஒன்றுகூடிக் கதவை அடைத்துக் காவல் நிற்கும் காட்சி இல்லை. தொழிற்சங்கம் இல்லை, குடியிருப்போர் குழு இல்லை, ஒரு பொதுக்கூட்டம்கூட இல்லை. கார்மெலோ என்பவரின் தலைமையில் ஆயுதமேந்திய எதிர்ப்புக் குழு ஒன்று உண்டு. அது செல்வந்தரின் வேட்டை அரங்கைத் தாக்கி நாயகர்களை மீட்கிறது. ஆனால் அது மக்களிடமிருந்து எழுவதில்லை. திரைக்கதைக்குத் தேவைப்படும் தருணத்தில் வந்து சேர்கிறது. இறுதியில் லியோ தன் மகனைக் கொன்றவனை மன்னிக்கிறார். மன்னிக்கப்பட்டவன் லியோவின் உயிரைக் காக்கிறான். மனிதநேயம் மிக்க முடிவுதான். ஆனால் சட்டமும் ஆட்சியும் அப்படியே நிற்கின்றன. சமூகக் கேள்விக்குத் தனிமனித விடை தரப்படுகிறது.

பிந்தைய படங்களும் இவ்வெல்லையைத் தாண்டவில்லை. 2016இல் வந்த படம் நல்ல வேட்பாளர் ஒருவரின் தேர்தல் வெற்றியில் தீர்வு கண்டது. 2018இல் வந்த படம், ஏழைகளுக்கு 5,000 டாலர் கொடுத்து முதல் சோதனை இரவுக்கு அவர்களை ஊரிலேயே தங்கவைத்த கதையைச் சொன்னது. 2021இல் வந்த படத்தில் மக்கள் எல்லை கடந்து மெக்சிகோவுக்குத் தப்பியோடுகின்றனர். நோயைச் சொல்வதில் துணிவு காட்டும் இத்தொடர், மருந்தைத் தேடுவதில் தயங்குகிறது.

இங்குள்ள படிப்பினை

இது அமெரிக்காவின் கதை மட்டுமே என்று ஒதுக்கிவிட இயலாது. சட்டம் தோற்றுவிட்டது, ஆகவே துப்பாக்கியே நீதி என்ற உணர்வு லியோவைத் தெருவுக்கு அனுப்புகிறது. அதே உணர்வு இந்தியாவிலும் உண்டு. 2019 டிசம்பர் 6 அன்று, ஹைதராபாத் அருகே கால்நடைப் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மக்கள் காவலர்கள் மீது மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், கொல்லும் நோக்கத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்று கண்டது. மூவர் 18 வயது நிரம்பாதவர் என்றும் கூறி, 10 காவலர்களைக் கொலைக் குற்றத்திற்காக விசாரிக்கப் பரிந்துரைத்தது.

மலர் தூவிய மக்களின் கோபம் பொய்யன்று. பெண்களுக்குப் பாதுகாப்பின்மையும் ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்குகளும் அக்கோபத்தை விளைவித்தன. ஆனால் விசாரணையின்றிக் கொல்லும் உரிமையை அரசுக்கு அளித்தால், அத்துப்பாக்கி நாளை திரும்பும் திசை தலித், ஆதிவாசி, சிறுபான்மையினர், போராடும் தொழிலாளர் ஆகியோரை நோக்கியே இருக்கும். திரையில் கைதட்டல் பெறும் ஒவ்வொரு ‘என்கவுன்ட்டர்’ காட்சியும் அந்த உரிமைக்கு ஒப்புதல் சேகரிக்கிறது.

ஆகவே பண்பாட்டுத் தளத்தில் பணியாற்றும் தோழர்களின் கடமை இருவகைப்பட்டது. இத்தகைய படங்களை மூன்றாந்தரக் குப்பை என்று புறந்தள்ளுவது, அவற்றைக் காணும் உழைக்கும் மக்களையும் சேர்த்துப் புறந்தள்ளுவதாகும். ‘மக்களின் கோபத்தைக் காட்டுகிறது, எனவே முற்போக்கானது’ என்று தலையில் தூக்கி வைப்பதும் பிழையே. படம் முடிந்து வெளியே வரும் தொழிலாளி, தேநீர்க் கடையில் தன் கருத்தைச் சொல்கிறார். அதற்குச் செவிகொடுப்பது முதற்கடமை. ‘அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் ஒன்றாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்று அவரிடம் கேட்பது இரண்டாவது கடமை.

அக்கேள்விக்கான விடையை இலாபத்திற்காக எடுக்கப்படும் படம் தராது. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒவ்வொரு ஆலை வாயிலிலும் கட்டப்படும் அமைப்பே அவ்விடையைத் தர முடியும்.