ரெசிஸ்டர் எதற்கு?

(கீழக்குயில்குடியில் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டிய விஷயத்தை நானாகத் தீர்மானிக்கவில்லை. சென்ற மாதம் இவ்வூருக்கு வந்திருந்தபோது இங்குள்ள வாலிபத் தோழர் ஒருவர் தமது நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் முழுவதும் கேள்விகளாகவே எழுதி வைத்திருந்தார். எல்.இ.டி. விளக்கை 9 வோல்ட் பாட்டரியில் நேராகக் கொடுத்தால் பளிச்சென்று ஒரு தடவை எரிந்துவிட்டுச் செத்துப் போகிறதே, ஏன்? ரெசிஸ்டர் போட்டால் பிழைத்துக்கொள்கிறதே, எப்படி? அந்த ரெசிஸ்டரை விளக்குக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? திருவிழாச் சீரியல் செட்டில் ஒரு பல்பைப் பிடுங்கினால் வரிசை முழுவதும் அணைகிறதே, வீட்டில் ஒரு பல்பு போனால் மற்றது எரிகிறதே? பாட்டரியைத் தொட்டால் ஒன்றும் செய்யாத மின்சாரம் பிளக்கைத் தொட்டால் ஆளைக் கொல்வானேன்? இவற்றை எல்லாம் ரிப்பேர் வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்டாராம். "கேள்வி கேட்காதே, சொன்னதைச் செய்" என்று பதில் வந்ததாம்.

தோழர்களே! இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் பதினெட்டு வயதில் டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி கெட்டவரல்லர், இரண்டு வேளைச் சாப்பாடும் போட்டார். ஆனால் ஒரு ஐ.சி.யை மாட்டுவதற்கு முன்பு அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் நம்பரை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவார். ரெசிஸ்டரின் நிறக்கோடுகள் மேல் கறுப்புப் பெயின்ட் தடவிவிடுவார். பையன் கற்றுக்கொண்டால் எதிர்க் கடை வைத்துவிடுவான் என்ற பயம்! நீங்கள் தினமும் பார்க்கிற இந்தச் சமணர் மலையிலே, செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சிற்பத்தின் கீழ் அதைச் செய்வித்தவர் பேரை வட்டெழுத்தில் வெட்டி, போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பாறையில் வெட்டிய எழுத்து இன்னும் நிற்கிறது. எங்கள் கடையில் அச்சடித்த எழுத்து ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

நிற்க. கேள்விக்கு வருகிறேன்.

உங்களுக்குக் கண்மாய் தெரியும், மடை தெரியும், வாய்க்கால் தெரியும். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுபோன்றது வோல்ட். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரின் அளவு போன்றது ஆம்பியர். மடையின் குறுகலைப் போன்றது ரெசிஸ்டர். அந்தக் குறுகலுக்கு அளவு ஓம். உயரம் கூடினால் ஓட்டம் கூடும், குறுகல் கூடினால் ஓட்டம் குறையும். இதற்கு மேல் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்கு!

இப்பொழுது எல்.இ.டி.யைப் பாருங்கள். அது இழையை வைத்த பழைய பல்பு மாதிரி நிதானமான ஆசாமி அல்ல. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் வரையில் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏற்றினாலும் கரையை உடைத்துக்கொண்டு ஓட்டம் பாயும், விளக்குத் தீய்ந்துவிடும். பாட்டரி தருவது 9. விளக்குக்கு வேண்டியது 2. மீதி 7 வோல்ட்டை யாராவது தலையில் சுமக்க வேண்டுமல்லவா? அந்தச் சுமையாள்தான் ரெசிஸ்டர். விளக்குக்கு 15 மில்லி ஆம்பியர் போதும். 7-ஐ 0.015-ஆல் வகுத்தால் 467 வருகிறது. கடையில் 467 கிடையாது, 470 உண்டு. அதை வாங்கிப் போடுங்கள். கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும், ஏனென்றால் 7-ஐயும் 0.015-ஐயும் பெருக்கினால் பத்தில் ஒரு வாட்டுக்குச் சற்றுக் கூடத்தான் ஆகிறது.

முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்றால், எங்கே போட்டாலும் ஒன்றுதான். இது பலரைத் தடுமாற வைக்கிற இடம். விளக்கு மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது, மீதிதான் பின்னால் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. வாய்க்காலைத் தலைப்பில் குறுக்கினாலும் கடைசியில் குறுக்கினாலும் நிரம்பிய வாய்க்காலில் ஓட்டம் முழுவதும் ஒரே அளவில்தான் குறையும். சந்தேகமிருந்தால் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை.

விளக்கைத் திருப்பிப் போட்டால் எரியவில்லை என்றும் எழுதியிருந்தார். பம்புசெட்டின் அடியில் புட்வால்வு இருக்கிறதே, தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. டயோடு என்பது மின்சாரத்துக்குப் புட்வால்வு. எல்.இ.டி.யும் ஒரு டயோடுதான். கால் நீளமான பக்கம் பாட்டரியின் பிளஸ்ஸுக்கு.

சீரியல் செட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது பல்பையும் ஒரே வாய்க்காலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். 230 வோல்ட்டை ஐம்பது பேர் பங்கு போட்டால் தலைக்கு நாலரை வோல்ட்டுச் சொச்சம். ஒருவன் கையை விட்டால் வாய்க்காலே அறுந்தது. வீட்டிலோ ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி வாய்க்கால். அய்யனார் கோவில் திருவிழாவில் செட்டு பாதியில் அணைந்தபோது, சாமி கோபித்துக்கொண்டது என்று யாரோ சொல்ல, இந்தத் தோழர் போய் ஒரு பல்பை மாற்றினாராம், சாமி சமாதானமாகிவிட்டதாம்! (சிரிப்பு)

நிறக்கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு கோடும் எண். மூன்றாவது கோடு எத்தனை பூஜ்யம் என்பது. மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 4, 7, ஒரு பூஜ்யம், அதாவது 470. கடைசியில் வரும் தங்கக் கோடு நூற்றுக்கு ஐந்து வரை கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்கிறது. மோதிரத்தில் ராசிக்கல் நிறம் பார்க்கிற நம் ஜனங்களுக்கு இந்த நிற சாஸ்திரத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். இதில் தப்பு இருந்தால் மீட்டர் உடனே காட்டிக்கொடுக்கும். ஜோசியருக்கு அப்படி ஒரு மீட்டர் கிடையாது.

இதுவரையில் பேசியது விளக்கின் உயிரைப் பற்றி. இனி நம் உயிரைப் பற்றி. அதே வகுத்தல் கணக்குத்தான். காய்ந்த கை ஏறத்தாழ பத்தாயிரம் ஓம், அதற்கு மேலும் தடை கொடுக்கும். 9-ஐப் பத்தாயிரத்தால் வகுத்தால் ஒரு மில்லி ஆம்பியர்கூட வரவில்லை. ஆகவே பாட்டரி நம்மை ஒன்றும் செய்வதில்லை. 230-ஐ வகுத்தால் 23 மில்லி ஆம்பியர். பத்துக்கு மேல் போனாலே பிடித்த பிடியை விட முடியாமல் போகலாம். கை ஈரமாயிருந்து, காலில் செருப்பில்லாமல், நின்ற தரையும் நனைந்திருந்தால் தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். அப்பொழுது 230 மில்லி ஆம்பியர். ஐம்பது, நூறு போனாலே இதயம் தாளம் தப்பிவிடும். மழை நாளில் மோட்டார் ஸ்விட்சைத் தொட்டு ஒருவன் விழுந்தால் அவன் தலைவிதி என்றும், முனி அடித்தது என்றும் பேசுகிறோம். அடித்தது முனியல்ல, ஆயிரம் ஓம். 30 மில்லி ஆம்பியர் மண்ணுக்குக் கசிந்தாலே இணைப்பை வெட்டிவிடுகிற ஒரு ஸ்விட்ச் கடையில் விற்கிறது, ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். கோவிலுக்கு நேர்ந்துகொள்கிற பணத்தில் ஒரு பங்கு அதற்கு ஆகும்.

கன்டென்சரைப் பற்றி அவர் கேட்டிருந்தார். அதை என் உடம்பே சொல்லும். அது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் தொட்டி. அந்தக் கடையில் சேர்ந்த மூன்றாம் மாதம், பழைய பிக்சர் டியூப் டி.வி. ஒன்றின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், இனிப் பயமில்லை என்று உள்ளே கையை விட்டேன். 230 வோல்ட் டயோடுகள் வழியாகக் கன்டென்சரில் ஏறினால் அதன் உச்சம் 325 வோல்ட். அது பிளக்கோடு போய்விடுவதில்லை, தொட்டியில் நிற்கிறது. என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. கட்டை விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. முதலாளி ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, காலண்டரைப் பார்த்து, "உனக்கு இன்றைக்குச் சந்திராஷ்டமம்" என்றார். கன்டென்சர் என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவில்லை! சொன்னால் தொழில் ரகசியம் வெளியே போய்விடுமல்லவா? ரகசியத்தைக் காப்பாற்ற ஒரு பையன் செத்தாலும் பஞ்சாங்கம் பொறுப்பேற்றுக்கொள்ளும். அன்றைக்குத்தான் நான் பழைய புத்தகக் கடைக்குப் போய் ஒரு பாடப்புத்தகம் வாங்கினேன்.

ஆகையால் வாலிபர்களே, திறந்த பெட்டிக்குள் கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது. தகுந்த ரெசிஸ்டர் வழியாகக் கன்டென்சரை வடித்துவிட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே விரல் போக வேண்டும். பிக்சர் டியூபின் பக்கமும் மைக்ரோவேவ் அடுப்பின் பக்கமும் போகவே வேண்டாம். அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

இதெல்லாம் இஞ்சினீயர் படிப்பு, நமக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். ஐயா, இந்த வகுத்தல் கணக்கை 1827-இல் புத்தகமாக எழுதிய ஓம் என்பவர் ஜெர்மனியில் ஒரு பூட்டுச் செய்கிறவரின் மகன். அந்தத் தகப்பனார் தாமாகவே படித்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மின்சாரத்தை உண்டாக்கும் வழியைக் கண்ட பாரடே கருமான் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-இல் சொன்னவர் அவர்.

இந்த ஊருக்கு இதை நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1914-இல் வெள்ளைக்காரச் சர்க்கார் இவ்வூர்க் கள்ளர்களைக் குற்றப்பரம்பரை என்று பதிவு செய்து, பிறப்பே இவர்கள் தொழிலுக்குச் சாட்சி என்று கைரேகை எடுத்தது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த ஊரிலிருந்து ஒரு பையன் ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்கிறான். அவனைப் பார்த்து, இது உன் வேலையல்ல என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை இருக்கிறது?

டிரான்சிஸ்டரைப் பற்றிச் சொல்ல இன்று நேரமில்லை. சிறு ஓட்டத்தைக் கொண்டு பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடுகிற மடை என்று மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே மரத்தடியில் ஒரு பழைய ரேடியோவைப் பிரிக்கலாமென்று தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். மீட்டர் நான் கொண்டுவருகிறேன். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். ரேடியோ கொண்டுவருகிறவர் பிளக்கை முந்தின நாளே பிடுங்கி வைத்துவிட வேண்டும்.