போயிட்டு வாறன்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் முன்பள்ளி ஆசிரியைகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவிலே பேசுவதற்குப் பெரிய விடயங்கள் எத்தனையோ இருக்கின்றன. கட்டடங்கள், பெறுபேறுகள், பட்டம் பெற்றவர்கள், பதவி வகித்தவர்கள். அவற்றைப் பற்றிப் பேச வல்லவர்கள் இங்கே இருக்கிறார்கள். சங்கத்தின் முன்பள்ளியிலே புதிய தவணை எப்படித் தொடங்குகிறது என்று சொல்லும்படிதான் எங்களைக் கேட்டார்கள். நாங்கள் மூவரும் இந்தக் கல்லூரியில் படித்தவர்கள். இப்போது அதே வளவிலே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில், மூன்று வயதும் நாலு வயதுமான பிள்ளைகளோடு எங்கள் காலைப்பொழுது கழிகிறது.

தை மாதத்து முதற் கிழமையில் எட்டு மணிக்கு எங்கள் படலையடிக்கு வந்து பாருங்கள். ஒரு தாய் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கழுத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் கைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருப்பார். ஒரு தாத்தா சைக்கிள் முன்பாரில் இருந்து பேரனை இறக்க, அவன் ஹான்டிலை விடமாட்டான். ஒரு அம்மம்மாவின் கையில் தொலைபேசி இருக்கும். அதற்குள்ளே, கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் தகப்பன் நித்திரைக் கண்ணோடு "அழாதையடா செல்லம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எல்லோருடைய முதுகிலும் புதுப் பை. அந்தப் பை சில பிள்ளைகளின் முழங்கால் மட்டும் தொங்கும். ஒரு பிள்ளை அழத் தொடங்கினால் அடுத்த பிள்ளைக்கும் தொற்றும். தாய்மார் சிலரும் வேலியோரம் நின்று கண்ணைத் துடைப்பார்கள்.

இந்த இடத்திலே எங்கள் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளாக நாங்கள் தாய்மாருக்கு ஒரு உபாயம் சொல்லிக் கொடுத்து வந்தோம். "பிள்ளையை நாங்கள் விளையாட்டுக் காட்டுகிறோம். அது பார்க்காத நேரமாய்ப் பார்த்து நீங்கள் மெல்லப் போய்விடுங்கோ." எங்களுக்கு முன்னிருந்தவர்களும் இப்படித்தான் செய்தார்கள். எங்களையும் இப்படித்தான் விட்டுப் போயிருப்பார்கள். அழுகை குறைவாக இருந்தது. வகுப்பு அமைதியாகத் தொடங்கியது. எனவே அது நல்ல முறை என்று நினைத்திருந்தோம்.

ஒரு வருடம் ஒரு சிறுமி வந்தாள். முதல் நாள் அழவேயில்லை. மணல் தொட்டியிலே சிரட்டையால் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். தாய்க்குக் கண் காட்டினோம். அவர் போய்விட்டார். அவித்த புட்டைத் தாய்க்குக் கொடுக்கத் திரும்பியபோது அங்கே ஒருவரும் இல்லை. அப்போதும் அவள் பெரிதாக அழவில்லை. எழும்பிப் போய்த் தன் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தத் தவணை முடியும்வரை அவள் அந்தப் பையைக் கழற்றவில்லை. பையோடு சாப்பிட்டாள். பையோடு வட்டத்தில் நின்று பாடினாள். கதை சொல்லும் நேரம் வாசலைப் பார்த்தபடிதான் இருப்பாள். ஒருநாளும் வாசலுக்கு முதுகு காட்டி இருந்ததில்லை. நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்தோம். பகிடியும் பண்ணியிருக்கிறோம். தாய் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: "வீட்டிலை நான் கிணத்தடிக்குப் போனாலும் பின்னாலையே வாறாள் ரீச்சர். இரவிலை எழும்பி நான் படுத்திருக்கிறனோ என்று தடவிப் பார்க்கிறாள்." அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. தாய் போனது அந்தப் பிள்ளைக்குப் பயமல்ல. சொல்லாமல் போனதுதான் பயம். எந்த நேரமும், யாரும், சொல்லாமல் காணாமற் போகலாம் என்பதை நாங்களே அவளுக்கு முதற் பாடமாகக் கற்பித்துவிட்டோம்.

அக்காமாரே, பையைக் கழற்றாத பிள்ளையை விளங்கிக்கொள்ள மற்றவர்களுக்குக் காலம் எடுக்கலாம். எங்களுக்கு எடுத்திருக்கக் கூடாது. நாமெல்லாம் பையோடு இருந்தவர்கள். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இரண்டு உடுப்பும் வைத்துக் கட்டிய பை வீட்டு வாசலிலே கிடந்த காலம் நமக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தில் இருந்து மழையிலே சனம் வெளிக்கிட்டபோது, அடுத்த வாங்கில் இருந்த சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டு போகக் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? புத்தகம் இரவல் வாங்கிய பிள்ளை எங்கே போனாள் என்று தெரியாமல் எத்தனை வருடம் இருந்தோம்? இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருந்து நீங்கள் இந்த மண்டபத்துக்கு வரும்போது, முதலில் ஒருவரையொருவர் கேட்பது "நீ அப்ப எங்கை போனனீ?" என்பதுதான். முப்பது வருடமானாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. சொல்லாமல் பிரிந்த பிரிவு அவ்வளவு காலம் நிற்கும் என்றால், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுது எவ்வளவு நீளமாக இருக்கும்?

ஆகவே நாங்கள் முறையை மாற்றினோம். இப்போது எங்கள் முன்பள்ளியில் யாரும் ஒளித்துப் போவதில்லை. தாய் குனிந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "அம்மா போயிட்டு வாறன்" என்று சொல்லித்தான் போக வேண்டும். எப்போது வருவார் என்பதையும் பிள்ளைக்கு விளங்கும் விதமாகச் சொல்ல வேண்டும். "பதினொன்றரைக்கு" என்றால் பிள்ளைக்கு விளங்காது. "பயறு சாப்பிட்டு, கதை கேட்டு, கை கழுவின பிறகு" என்றால் விளங்கும். சொன்னபடி வரவும் வேண்டும். பிந்துவதென்றால் அறிவிக்க வேண்டும்.

முதற் கிழமையில் அழுகை கூடத்தான் செய்தது. "ரீச்சர், முந்தியே நல்லாயிருந்தது" என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். ஆனால் அழுகிற பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம். அழாமல் பையோடு நிற்கிற பிள்ளையைத் தேற்றுவதுதான் கடினம். இரண்டாம் கிழமை, மூன்றாம் கிழமை என்று அழுகை அடங்கியது. எங்கள் சுவரிலே வரிசையாகக் கொளுக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே பிள்ளை தானே தெரிந்த படம், கிளி, மாம்பழம், பஸ், ஆமை. பிள்ளை தன்பாட்டில் பையைக் கழற்றித் தன் கொளுக்கியில் கொளுவும் நாள்தான் எங்களுக்குத் தவணை தொடங்கும் நாள்.

பெரிய பிரிவை மட்டும் சொன்னால் போதாது. பிள்ளையின் நாளிலே சின்னச் சின்னப் பிரிவுகள் நிறைய இருக்கின்றன. பனங்கொட்டையும் மரக்கட்டையும் அடுக்கி ஒருவன் பாலம் கட்டிக்கொண்டிருப்பான். அந்த நேரம் நாங்கள் மணி அடித்து "எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்போம். அவன் அழுதால் குழப்படி என்போம். பெரியவர்களாகிய எங்களை இப்படி வேலை நடுவில் எழுப்பினால் கோபம் வராதா? இப்போது மணிக்கு முன்னாலே ஒருவர் போய்ப் பக்கத்தில் இருந்து, "இன்னும் இரண்டு பாட்டுப் பாடினதும் சாப்பாடு" என்று சொல்கிறோம். முடியாத பாலத்தை அப்படியே விட்டுவிட்டு வரலாம். சாப்பிட்ட பிறகு அது அங்கேயே இருக்கும். ஒரு கயிற்றிலே அன்றைய வேலைகளின் படங்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் முடிய ஒரு பிள்ளை உடுப்புக் கிளிப்பை அடுத்த படத்துக்கு மாற்றும். அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தரம் இல்லை.

இந்தத் தவணையில் தைப்பொங்கலுக்கு முற்றத்திலே பொங்குகிறோம். அரிசி அளப்பதும் கோலத்துக்கு மா எடுத்துக் கொடுப்பதும் பிள்ளைகளின் வேலை. தைப்பூசத்துக்குச் சில வீடுகளில் ஏடு தொடக்குவார்கள். அந்தப் பிள்ளைகள் மறுநாள் வந்து மணலிலே "அ" எழுதிக் காட்டுவார்கள். மாசியிலே சிறுவர் சந்தை. வீட்டிலிருந்து முருங்கைக்காயும் தேசிக்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து சாக்கில் பரப்பி, பெற்றோருக்கே விலை கூறி விற்பார்கள். சென்ற ஆண்டு ஒரு சிறுவன் எல்லாவற்றுக்கும் ஐந்து ரூபா என்றான். அவனுடைய வாழைப்பழம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. முந்திய ஆண்டு படலையில் கதறிய பிள்ளைதான் அவன்.

அடுத்த பிரிவு முதலாந் தரம். தை 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளை பாடசாலையில் சேர வேண்டும். ஆகவே நாலு வயதுப் பிள்ளையின் பெற்றோர் சித்திரை மாதத்திலேயே கொப்பியோடு வருகிறார்கள். "பக்கத்து நேசறியிலை வசனம் எழுதுகினம், எங்கடை பிள்ளை இன்னும் மண்ணுக்கை விளையாடுது." அந்தப் பதற்றம் எங்களுக்கு விளங்குகிறது. புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் இப்போது முன்பள்ளி வரைக்கும் நீண்டிருக்கிறது. ஆனால் முதலாம், இரண்டாம் தரங்களுக்கான நம் நாட்டுப் பாடத்திட்டமே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்து, எழுத்து வேலையைக் குறைவாக வைத்திருக்கிறது. பென்சில் பிடிக்க முதலில் விரலுக்குப் பலம் வேண்டும். முருங்கையிலை உருவுவதும், களிமண் உருட்டுவதும், மஞ்சாடி விதை பொறுக்குவதும், பூக் கோப்பதும் அந்தப் பலத்தைத் தரும்.

முதலாந் தரத்துக்குப் போகும் பிள்ளைக்கு நாங்கள் கொடுத்துவிட விரும்புவது வேறு சில. சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறக்க வேண்டும். மலசலகூடம் போகவேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். பெயரைக் கேட்டால் தலையை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். மூன்றாந் தவணையில் நாலு வயதுக்காரரை முதலாந் தர வகுப்புக்குக் கூட்டிப் போகிறோம். அந்த வாங்கிலே இருந்து பார்க்கிறார்கள். அந்த ஆசிரியை எங்களிடம் வந்து ஒரு கதை சொல்லிப் போகிறார். கடைசி நாளில் ஒவ்வொருவரும் தன் கொளுக்கிப் படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவார்கள். போகும்போது ஊஞ்சலுக்கும் வேப்பமரத்துக்கும்கூடச் சொல்லிக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டு.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1944இல் மரியா மொன்ரிசோரி அம்மையார் இந்த நாட்டுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்த இலவசக் கல்வியாலேதான் இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மிற் பலர் படித்தோம். ஆனால் ஐந்து வயதுக்கு முந்திய கல்வி பெரும்பாலும் அரச பாடசாலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கோயிலும் தேவாலயமும் சனசமூக நிலையமும் சங்கங்களும்தான் அதைத் தாங்குகின்றன. முன்பள்ளி ஆசிரியையின் கொடுப்பனவு என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வரும் தங்கைமார் பெரிய பெரிய பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருட்களைக் கொண்டுவருகிறீர்கள். அந்த அன்பை மறக்கமாட்டோம். ஆனால் எங்களுக்கு இப்போது தேவை மடி. தை மாதத்து முதல் மூன்று கிழமைக்கு மேலதிகமாக இரண்டு உதவியாளர்கள் இருந்தால், அழுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடி கிடைக்கும். அவர்களுக்கான கொடுப்பனவைச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் ஏற்க வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறோம்.

விடுமுறைக்கு வரும்போது எங்களிடமும் வாருங்கள். ஒரு கதை சொல்லுங்கள். ஆனால் "நாளைக்கும் வருவேன்" என்று சொன்னால் கட்டாயம் வாருங்கள். ஒருமுறை அப்படிச் சொன்ன ஒருவருக்காகப் பிள்ளைகள் மூன்று நாள் பாயை விரித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வர முடியாதென்றால் அதையும் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் தாங்குவார்கள்.

நம் ஊரிலே யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. சொன்னால் அம்மம்மா ஏசுவார். "போயிட்டு வாறன் என்று சொல்லு" என்பார். போவதற்குள்ளே வருவதையும் வைத்துச் சொல்லும் அந்தச் சொல்லைத்தான் எங்கள் பிள்ளைகள் முன்பள்ளியில் முதலில் படிக்கிறார்கள். அதை நம்பிப் பையைக் கழற்றுகிறார்கள்.

போயிட்டு வாறம்.