லயத்து வீடும் வந்த விருந்தினரும்

விருந்தோம்பலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார்; வந்தவரை எங்கே அமர்த்துவது என்பதை மட்டும் இல்லத்தாரின் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். சப்பிரகமுவத் தோட்டங்களில் அப்பொறுப்பு இலேசானதன்று. பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே நிற்கும் பழைய லயங்களில், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒரு காம்பராவும், அதன் முன்னே ஓர் இஸ்தோப்புமே. இரட்டை லயமானால் பின்சுவர் அடுத்த குடும்பத்துக்கும் பொது. அப்பக்கம் சன்னல் வைக்கவும் வழியில்லை.

இந்த நெருக்கத்தில் விருந்தைத் தாங்கியது இஸ்தோப்புத்தான். அச்சொல் ஒல்லாந்தர் தந்தது. அது செய்த வேலையோ, முன்னோர் திருச்சியிலும் சேலத்திலும் விட்டுவந்த திண்ணையின் வேலை. வந்தவர் மழைக்கு ஒதுங்கியதும், வெற்றிலைத் தட்டு வந்ததும், இரவில் உறவினருக்குப் பாய் விரிந்ததும் அங்கேதான்.

பின்னர் மகனுக்கு மணமாயிற்று. இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து, புதுமணத் தம்பதியருக்கு அறையாக்க நேர்ந்தது. குறை கூறுவதற்கில்லை, வேறு வழி ஏது? ஆயினும் அன்று முதல், வாயிலில் நின்றவர் கண்ணில் முதலிற் பட்டது வீட்டாரின் படுக்கையே. வந்தவரும் கூசினர், வீட்டாரும் கூசினர்.

மலையகத்தில் இப்பொழுது 550 சதுர அடியளவில் தனிவீடுகள் எழுகின்றன. மேலும் 10,000 வீடுகளுக்கு 2017ஆம் ஆண்டு நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் உறுதியளித்தார். அத்தகைய வீடு கிடைத்ததும் முன்கூடத்தைப் பெரிய சோபாவாலும் கண்ணாடி அலுமாரியாலும் நிரப்பிவிடும் ஆசை இயல்பே. ஆனால் ஐவர் அமரும் சோபா, பதினைவர் அமரும் தரையை விழுங்கிவிடும்! சுவரோரமாக ஒரு நீண்ட வாங்கு போதும். அதன் அடியில் மூடியிட்ட பெட்டி அமைத்தால் விருந்தினர் பாயும் தலையணையும் அதற்குள் அடங்கும். இரத்தினபுரி மழையில் சேறும் அட்டையுமாக வரும் கால்களுக்கு, படியருகே ஒரு தண்ணீர்க் குழாய் அவசியம். விறகடுப்பின் புகை கூடத்துக்கு வராதவாறு புகைபோக்கியைக் காற்றின் போக்கறிந்து வைத்தல் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாதிருக்க முடியாது. தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு மிகுதியானோர் வருவது திருமணத்துக்கன்று, இழவுக்கே. முன்கூடத்தின் நடுவே பெட்டியை வைத்துச் சுற்றிலும் பெண்கள் அமர இடம் வேண்டும். நால்வர் அதனைச் சாய்க்காமல் வெளியே எடுத்துவரத் தலைவாசலுக்கு அகலம் வேண்டும். நிலை வைப்பதற்கு முன்னரே மேசனிடம் இதனைச் சொல்லிவிடுதல் நன்று.